வர்க்கம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஓட்டில் ஏன் தெரிவதில்லை?

கம்பம் இளங்கோ:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மண்டையைக் குடையும் ஒரு கேள்வி. அனுபவம் உள்ளவர்கள் பதில் சொல்லுங்கள்.

சொந்த ஊர் கம்பம், வேலை கோயம்புத்தூரில். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மாமாவோடு பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. அவருக்கு வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டம் இருக்கிறது. “வர்க்கம், முதலாளி, தொழிலாளி எல்லாம் அந்தக் காலத்துப் பேச்சுடா. என் தோட்டத்துக்கு வர்ற பொம்பளைங்க கையில இருக்கிற அதே போன்தான் என் கையிலயும் இருக்கு. அவங்க பிள்ளையும் இன்ஜினியரிங், என் பிள்ளையும் இன்ஜினியரிங். இதுல என்ன வித்தியாசம்?” என்றார். என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

ஆனால் மனசு ஒப்பவும் இல்லை. எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்து பெண்கள் விடியும் முன்பே தூக்குவாளியோடு கிளம்பி, ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு ஏறுகிறார்கள். இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். மாமா நினைத்தபோது காரில் போய்வருகிறார்.

தேர்தல் என்று வந்தால் இந்த வித்தியாசம் எங்கேயும் தெரிவதில்லை. மாமாவும் அந்தப் பெண்களில் பாதிப் பேரும் ஒரே சின்னத்துக்குத்தான் போடுகிறார்கள். சாதியைப் பார்க்கிறார்கள், தலைவரைப் பார்க்கிறார்கள். “நான் கூலிக்காரி, அதனால் இந்தக் கட்சிக்கு” என்று சொல்லி ஒருவர் ஓட்டுப் போட்டு நான் பார்த்ததில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளா, 1957லேயே ஓட்டுப் போட்டுக் கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கொண்டுவந்த மாநிலம். அங்கேயாவது வர்க்கம் என்பது உயிரோடு இருக்கிறதா? புத்தக விளக்கம் வேண்டாம், கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை ஓய்வாசிரியர்:

தம்பி, பாலக்காட்டு எல்லையில் நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தேர்தல் பார்த்தவன் சொல்கிறேன். இங்கே வர்க்கம் என்று பேசியவர்கள் சாதியைப் பார்க்க மறுத்தார்கள். அதன் விலையைக் கொடுத்தது அடித்தட்டில் இருந்தவர்கள்.

நிலச் சீர்திருத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிந்தது. உண்மையிலேயே பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நிலம் யாருக்குப் போனது? குத்தகை எடுத்திருந்தவனுக்கு. சேற்றில் இறங்கி நாற்று நட்டவனுக்குக் கிடைத்தது அவன் குடிசை நின்ற இடம். பஞ்சாயத்துப் பகுதி என்றால் 10 சென்ட் வரை. குத்தகைக்காரன் யார், நாற்று நட்டவன் யார் என்று பார்த்தால் அங்கே சாதிதான் நிற்கிறது.

2017ல் எங்கள் பக்கத்து முதலமடையில், கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில், சக்கிலியர் குடும்பங்கள் டீக்கடையிலும் தண்ணீர்க் குழாயிலும் ஒதுக்கப்படுகிறார்கள் என்ற புகார் மாநிலம் முழுக்கப் பேச்சானது. பேசுவது தமிழ், வேலை மாந்தோப்பிலும் வயலிலும். பக்கத்தில் இருந்த மற்ற கூலிக்காரர்களும் கூலிக்காரர்கள்தானே? “நாமெல்லாம் ஒரே வர்க்கம்” என்று யாராவது சேர்ந்து நின்றார்களா? எனக்கு வர்க்கத்தில் நம்பிக்கை போய் வெகுநாளாகிறது. சாதி தெரியாமல் இந்த நாட்டு அரசியல் எதுவும் புரியாது.

வண்டிப்பெரியாறு மலர்:

இளங்கோ தம்பி, நான் வண்டிப்பெரியாற்றில் அக்‌ஷயா மையத்தில் வேலை பார்க்கிறேன். உங்கள் ஊரில் இ-சேவை மையம் என்பீர்களே, அதுதான் இங்கே அக்‌ஷயா. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுத்தவர், அப்பா தேயிலை ஃபேக்டரியில் இருந்தார். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, பென்ஷன், வீட்டுக்கு மனு என்று நாள் முழுக்க மற்றவர்களின் காகிதங்கள்தான் என் கையில்.

உங்கள் மாமா போனைப் பற்றிச் சொன்னது சரிதான். லயத்திலும் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. டிவி இருக்கிறது, வாசலில் தவணைக்கு வாங்கிய பைக் நிற்கிறது. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். ஆனால் அந்த டிவி இருக்கும் வீடு யாருடையது என்று அவரைக் கேளுங்கள்.

லயம் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டி வீடுகள். ஒரு அறை, பின்னால் புகை படிந்த சமையல்கட்டு, முன்னால் நாலு பேர் உட்காரும் அளவுக்குத் திண்ணை. பக்கத்து வீட்டுச் சண்டையும் இருமலும் நம் வீட்டில் கேட்கும். 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்ததிலிருந்தே தொழிலாளிக்கு வீடு கொடுக்க வேண்டியது கம்பெனியின் கடமை. நல்ல சட்டம்தான். ஆனால் வேலை இருக்கும்வரைதான் வீடு. ரிட்டயர் ஆனால் காலி செய்ய வேண்டும். பல தோட்டங்களில் சாவி கைக்கு வந்தால்தான் கிராஜுவிட்டி என்று நிறுத்தி வைக்கிறார்கள். முப்பது வருஷம் உழைத்துச் சேர்ந்த பணம் அது. காலி செய்து எங்கே போவது? தமிழ்நாட்டுப் பக்கம் இருந்த சொந்தம் தாத்தா காலத்தோடு விட்டுப்போயிருக்கும்.

அதனால் குடும்பத்தில் யாராவது ஒருவர் பெயர் எப்போதும் தோட்டத்துக் கணக்கில் இருந்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் பி.காம். முடித்து, கோட்டயத்தில் கடையொன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா ரிட்டயர் ஆகும் வருஷம் அண்ணன் குடும்பத்தோடு திருப்பூரில். அப்பா நெஞ்சுவலிக்காரர். வீடு போகக்கூடாது என்று இவள் திரும்பி வந்து பெயர் கொடுத்தாள். இப்போது கத்தரியும் சாக்குமாகக் காலையில் மலை ஏறுகிறாள். அவளும் பட்டதாரிதான், உங்கள் மாமா மகனும் பட்டதாரிதான். அந்தப் பையன் ஒரு வேலை பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டு வீட்டில் வந்து ஆறு மாதம் உட்காரலாம். இவள் உட்கார்ந்தால் வீடே போய்விடும். வர்க்கம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். எவ்வளவு சம்பாதிக்கிறோம் என்பது அப்புறம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுநாள் எங்கே படுப்போம் என்பதுதான் முதல்.

கொழிஞ்சாம்பாறை ஐயா சொன்ன நிலச் சீர்திருத்தத்துக்கும் வருகிறேன். ஐயா, வயலில் வேலை செய்தவருக்கு 10 சென்டாவது வந்தது. எங்களுக்கு அதுவும் இல்லை. ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பிலிருந்தே தோட்டங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். தோட்டத்தைத் துண்டு போட்டால் தொழில் அழியும், வேலை போகும் என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தோட்டத்துக்கு விலக்குக் கொடுத்தவர்கள், அதில் வேலை செய்கிறவன் வயசான காலத்தில் எங்கே இருப்பான் என்று சட்டத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாமே? கேரளத்தில் நிலமில்லாதவர் யார் என்று பட்டியல் எடுத்தால் ஆதிவாசிகளோடு நாங்களும் வருவது அதனால்தான்.

சாதி இல்லை என்று நான் சொல்லவே இல்லை, ஐயா. லயத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பங்கள்தான். கங்காணிகள் யாரை மலைக்குக் கூட்டிவந்தார்கள் என்று பார்த்தாலே அது தெரியும். சாதியால் கீழே தள்ளினார்கள், வர்க்கத்தால் அங்கேயே பூட்டினார்கள். இதில் ஒன்றை விட்டு ஒன்றைப் பேச என்னால் முடியவில்லை. சாதிச் சான்றிதழையே பாருங்கள். பட்டியல் சாதிச் சான்று வேண்டுமென்றால் குடும்பம் 1950க்கு முன்பே இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். நிலம் இருந்தவனிடம் பழைய பத்திரம், நில வரி ரசீது என்று ஏதாவது இருக்கும். லயத்துக்காரனிடம் என்ன இருக்கும்? தோட்டத்து ஆபீசில் பழைய பேரேடு இருந்தால் உண்டு, கரையான் தின்றிருந்தால் இல்லை. நாலு தலைமுறையாக இங்கே இருப்பவர்களின் பிள்ளைகள் சான்று இல்லாமல் பொதுப் பிரிவில் விண்ணப்பம் போடுவதை நானே டைப் செய்து கொடுத்திருக்கிறேன். சொத்து இல்லாததால் சாதிக்கான உரிமையும் கிடைக்காமல் போகிறது. இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

இன்னொன்று. 2019ல் பொருளாதாரத்தில் பின்தங்கிய முன்னேறிய சாதியினருக்கு 10 சதவீதம் என்று சட்டம் வந்ததே, மத்திய அரசு அதற்கு வைத்த வருமான வரம்பு வருஷத்துக்கு 8 லட்சம். மூணாறில் 2015 போராட்டத்துக்குப் பிறகு தேயிலைத் தொழிலாளியின் நாள் கூலி 301 ரூபாய் ஆனது. மாதம் 25 நாள் வேலை இருந்தால் 7,525. வருஷத்துக்கு 90,300. 8 லட்சத்துக்குப் பக்கத்தில் வாங்குகிறவர், இந்தத் தொழிலாளி, இருவரையும் அரசாங்கம் ‘ஏழை’ என்றே எழுதிக்கொள்கிறது.

எங்கள் கவுண்டரில் தினம் நடப்பதையும் சொல்கிறேன். பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்த மஸ்டரிங்குக்கு வர வேண்டும். விரலை மெஷினில் வைத்தால் முடிந்தது. மாஸ்டர், கிளார்க், கடைக்காரர் எல்லாருக்கும் ஒரே தடவையில் பச்சை விழும். கொழுந்து எடுத்த அம்மாக்களுக்கு விழாது. பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகையே தேய்ந்திருக்கும். கறுத்த கறையும் வெடிப்பும்தான் இருக்கும். முந்தானையில் துடைப்பார்கள், நான் ஈரத் துணியால் துடைத்துப் பார்ப்பேன், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்போம். கடைசியில் கண்ணைக் காட்டும் மெஷினுக்குப் போவோம். அதற்குள் பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்துவிடும். “மன்னிச்சுக்க பாப்பா” என்று அவர்கள் என்னிடம் சொல்வார்கள். அவர்கள் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

உடும்பன்சோலை ஏலக்காரன்:

மலரக்கா எழுதியதைப் படித்தேன், மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் ‘தோட்டக்காரன்’ என்றதும் எல்லாரையும் ஒரே பக்கம் நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு இருப்பது மூன்று ஏக்கருக்கும் குறைவு. அப்பா போடியிலிருந்து வந்து வாங்கியது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்த விலைக்கு விற்க என்னிடம் காய் இல்லை. 2018 வெள்ளத்திலும் அடுத்து வந்த வறட்சியிலும் செடி பாதி போய்விட்டது. அதை நம்பிக் கடன் வாங்கி மறுநடவு செய்தேன். காய் வந்தபோது விலை ஆயிரத்துக்குக் கீழே. மருந்து, உரம், கூலி கொடுத்தது போக மீதி வட்டிக்குத்தான் சரியாக இருந்தது. என்னிடம் வேலைக்கு வரும் அக்காக்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்க மனைவியின் வளையலை அடகு வைத்ததும் உண்டு.

நான் முதலாளியா? ஏல மையத்தில் பத்து மூட்டை, இருபது மூட்டை என்று இருப்பு வைத்து விலை பார்த்து விற்கும் வியாபாரிக்கு முன்னால் நானும் கை கட்டித்தான் நிற்கிறேன். ஆனால் அக்கா கேட்ட அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். நாளைக்கு எல்லாம் போனாலும் எனக்கு ஒரு வீடு இருக்கிறது, அடகு வைக்க ஒரு நிலம் இருக்கிறது. பேங்க் எனக்குக் கடன் தரும், அவர்களுக்குத் தராது. அந்த வித்தியாசம் சின்னதில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

தமிழன், மலையாளி என்று பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களில் தமிழர்கள் நிறைய. கூலிக்கு வருவதும் தமிழர்கள்தான். இப்போது ஜார்க்கண்ட், அசாம் பக்கத்து ஆட்களும் சேர்ந்துவிட்டார்கள். மொழி ஒன்றாக இருப்பதால் கூலி ஒரு ரூபாய் கூடியதில்லை.

கம்பம் இளங்கோ:

மலரக்கா, வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை மாமாவுக்கே வாட்ஸப்பில் அனுப்பினேன். படித்துவிட்டார், பதில் இல்லை.

என் இரண்டாவது பாதிக்கு இன்னும் விடை வரவில்லை. வர்க்கம் இருக்கிறது, சரி. அப்படியானால் அது ஏன் தேர்தலில் தெரிவதில்லை? 2015ல் மூணாறில் பெண்கள் ஒன்றாகத் தெருவில் உட்கார்ந்தார்களே, அது ஏன் அப்படியே ஓட்டாக மாறவில்லை?

வண்டிப்பெரியாறு மலர்:

தம்பி, அந்த நாட்களில் என் சித்தி மூணாறில் தெருவில் உட்கார்ந்திருந்தவர். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2015 செப்டம்பரில் தொடங்கியது போனஸ் தகராறு. முந்தின வருஷம் 20 சதவீதம் வாங்கியவர்களுக்கு 10 சதவீதம் என்றார்கள். பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து மூணாறு ரோட்டை அடைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர். இடது, வலது, எந்தத் தொழிற்சங்கத் தலைவரையும் கிட்டே சேர்க்கவில்லை. இத்தனை வருஷம் எங்களுக்காகப் பேசுகிறேன் என்று கம்பெனியோடு உட்கார்ந்து பேசியவர்கள் எங்களைவிட்டு எவ்வளவு தூரம் போய்விட்டார்கள் என்ற கோபம் அது. போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அதில் சாதி பார்த்து யாரும் உட்காரவில்லை. சித்தி சொல்வார், தண்ணீர்ப் பாட்டில் யார் கொண்டுவந்தது என்றுகூடத் தெரியாது, வாங்கிக் குடித்தோம் என்று.

அந்தச் சூட்டோடு வந்த உள்ளாட்சித் தேர்தலில் அவர்களில் சிலர் நின்று ஜெயித்தார்கள். அடுத்த வருஷம் சட்டமன்றத் தேர்தலில் மூணாறு இருக்கும் தேவிகுளம் தொகுதியில் நின்றபோது சொற்ப ஓட்டுதான். பெண்கள் மறந்துவிட்டார்கள், விலைபோய்விட்டார்கள் என்று ஊரில் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

ஓட்டுப் போடுகிற பெண்ணின் இடத்தில் இருந்து பாருங்கள். விதவை பென்ஷன் மனு, மகனுக்குச் சான்று, ஆஸ்பத்திரிக்கு ஒரு சிபாரிசு, லயத்துக் கூரை ஒழுகினால் மேனேஜரிடம் பேச ஒரு ஆள். இத்தனைக்கும் அவள் போய் நிற்பது யூனியன் ஆபீசில். யூனியனுக்குப் பின்னால் கட்சி. ஒன்பது நாள் ரோட்டில் உட்காருவதற்குத் தைரியம் போதும். ஐந்து வருஷம் இவர்கள் யாரும் இல்லாமல் இருக்கத் தைரியம் மட்டும் போதாது, சொந்தமாக ஏதாவது இருக்க வேண்டும். சொந்த வீடு இருக்கிறவன் கட்சியை மாற்றிப் பார்க்கலாம். இவள் யோசிப்பாள். அதனால் ஓட்டுப் பெட்டியில் வர்க்கம் தெரியவில்லை என்று சொல்லாதீர்கள். யார் பயந்து போடுகிறார், யார் பயமில்லாமல் போடுகிறார் என்பதில் அது இருக்கிறது.

இதே காரணத்தால் இறப்பின் மதிப்பும் மாறுகிறது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். மறுநாள் ராத்திரி கோழிக்கோட்டு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரில், துபாயிலிருந்து வந்த விமானம் விழுந்தது. விமானத்தில் இறந்தவர்கள் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். முதலமைச்சர் கரிப்பூருக்கு மறுநாளே போனார், பெட்டிமுடிக்கு ஒரு வாரம் ஆனது. ரோடு போய்விட்டது, மழை, எல்லாம் உண்மைதான். கரிப்பூரில் இறந்தவர்களும் பிழைக்கப் போனவர்கள்தான்; அவர்களுக்குக் கொடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இரண்டு தொகையையும் அடுத்தடுத்து டிவியில் கேட்டபோது எங்கள் லயத்தில் ஒருவர்கூடப் பேசவில்லை. இங்கே ஆட்சியில் இருந்தது தொழிலாளி வர்க்கத்தின் பெயரால் வந்த கட்சி. அதனால்தான் அதிகம் வலித்தது.

பெட்டிமுடியில் மிச்சமிருந்த 8 குடும்பங்களுக்குக் குட்டியார்வாலியில் 5 சென்ட் வீதம் நிலமும் வீடும் கொடுத்தார்கள். ஆக, கொடுக்க முடியாத காரியம் ஒன்றும் இல்லை. இந்த முறை ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சி வந்தாலும் எங்கள் வரிசையில் கேட்கப்போவது இதைத்தான்: ரிட்டயர் ஆகிற தொழிலாளிக்கு, தோட்டத்துக்கு வெளியே, அவள் பெயரில் 5 சென்ட். மனுவை எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். உடும்பன்சோலைத் தம்பி, உங்களிடம் வேலைக்கு வரும் அக்காக்களில் யாருக்காவது இங்கே இடமில்லை என்றால் அவர்களையும் கேட்டுச் சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.